முதலில் கிளேஸ், பிறகே மெழுகு

தீபாவளிக்குக் காரைப் பளபளக்க வைக்கக் கிளேஸ் ஒரு புட்டியும் மெழுகு ஒரு டப்பாவும் வாங்குகிறோம். எதை முதலில் பூசுவது? கிளேஸைத்தான், நேயர்களே. அதன் எண்ணெய்ப்பசை மெல்லிய கீறல்களுக்குள் புகுந்து அவற்றை மறைக்கும், போக்கிவிடாது. சில மழையிலேயே கரைந்தும் போகும். அதை மூடிக் காப்பதுதான் மெழுகின் வேலை. பிரேசில் நாட்டுப் பனையினத்து மரத்தின் ஓலையில் எடுக்கும் கார்னூபா மெழுகில் தண்ணீர் ஒட்டாது.

செம்மண் தூசி போகக் கழுவி, நிழலில் உலர்த்திய பிறகே தொடங்குங்கள். மெழுகை அப்பாதீர்கள், துடைக்கும்போது தோள்தான் வலிக்கும். 'கிளீனர்' கலந்த மெழுகோ அடியிலுள்ள கிளேஸையே வழித்தெடுத்துவிடும்.

பழைய கார் வாங்குவோரே, விற்பவர் கையிலும் இதே புட்டி இருக்கும். பளபளப்பில் மயங்கி முன்பணம் நீட்டாதீர்கள். கதவின் அடியில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து விலை பேசுங்கள்.