முகம் காணாப் பரிசுகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பிப்ரவரியும் மார்ச்சும் பரிசளிப்புக் காலம். தமிழ் மன்ற நிறைவு விழா, விளையாட்டு விழா, விடுதி விழா, ஆண்டு விழா என்று மேடைகள் ஓய்வதில்லை. ஒவ்வொரு மேடையின் ஓரத்திலும் பளபளக்கும் தாள் சுற்றிய பொதிகள் அடுக்கப்பட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் கொடுப்பார், மாணவர் வாங்குவார், இருவரும் புகைப்படக்காரரைப் பார்ப்பர். அதன் பிறகு அந்தப் பொதிக்கு என்ன நேர்கிறது என்று ஆண்டறிக்கையில் எவரும் எழுதுவதில்லை. பல ஆண்டுகளாக இத்தகைய மேடைகளில் பெயர்ப்பட்டியல் வாசித்து வருபவர் என்னும் உரிமையில் அது குறித்துச் சில சொல்ல விரும்புகிறோம்.

பொதிக்குள் இருப்பவை பெரும்பாலும் மூன்று வகை: கேடயம், எவர்சில்வர், புத்தகம். கேடயம் முன்பு தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் அமர்ந்திருந்தது. பெட்டி தட்டையாகிச் சுவரேறிய பின் அதற்கு வீட்டில் இடமில்லை. எவர்சில்வர் டப்பாவை நாம் இகழ மாட்டோம். அது அடுக்களைக்குப் போகிறது, பருப்பைத் தாங்குகிறது, பேச்சுப் போட்டியில் மகள் வாங்கியது என்று தாய் அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளவும் உதவுகிறது. நம் கவலை மூன்றாவதைப் பற்றியது. இலக்கியம் கற்பிப்போர் கூடித் தேர்ந்தெடுத்து வழங்கும் புத்தகமே மாணவரை மிகக் குறைவாக மகிழ்விக்கிறது என்பது நம் கணிப்பு.

மு. வரதராசனாரின் 'திருக்குறள் தெளிவுரை' 1949இல் வெளிவந்தது. கையடக்கமானது, விலை மலிவானது, எவராலும் மறுக்கவியலாதது. இம்மூன்று தகுதிகளால் பரிசுப் புத்தகங்களின் அரசாக அது நெடுங்காலம் வீற்றிருக்கிறது. நல்ல நூல்தான். ஆயினும் ஆறாம் வகுப்பிலிருந்து போட்டிகளில் வென்றுவரும் மாணவி கல்லூரிக்குள் நுழையும்போதே அதன் ஐந்தாறு படிகளுக்கு உரிமையாளராகி விடுகிறார். அடுத்த நிலையில் இருப்பவை தன்னம்பிக்கை நூல்கள். வென்றதற்காக மேடையேறியவரிடம் வெல்வது எப்படி என்று விளக்கும் நூலைக் கொடுப்பதிலுள்ள நகைச்சுவையை ஏனோ ஒருவரும் கவனிப்பதில்லை. சிறப்பு விருந்தினரே எழுதிய கவிதை நூலைப் பரிசாக்கும் வழக்கமும் உண்டு. அது பற்றி மேலும் பேசுவது அவையடக்கமாகாது. 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் பிரித்து ஐவருக்கு வழங்கிய விழா ஒன்றையும் கண்டிருக்கிறோம். மூன்றாம் பாகம் பெற்ற மாணவர், முதலிரண்டு பாகங்கள் வாங்கியவர்களைத் தேடித் துறை துறையாக அலைந்தார். அன்றைய பரிசுகளுள் படிக்கப்பட்டது அது ஒன்றே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு ஆசிரியர்களின் அசட்டையைக் காரணம் காட்டுவது எளிது. வேர் வேறிடத்தில், கொள்முதல் முறையில் இருக்கிறது. ஒதுக்கிய தொகை மார்ச் 31க்குள் செலவாக வேண்டும். விலைப்புள்ளிகள் கேட்டுப் பெற வேண்டும். ஒரே தலைப்பில் ஐம்பது படிகள் வாங்கினால் கழிவு கூடும், பட்டியலும் ஒற்றை வரியில் முடிந்துவிடும். ஆகவே போட்டி நடப்பதற்கு முன்பே பரிசு வந்து சேர்ந்துவிடுகிறது. வெல்லப்போகிறவர் யாரென்று ஒருவரும் அறியாத நாளிலேயே அவருக்கான புத்தகம் துறை அலமாரியில் ஏறிவிடுகிறது.

பெருஞ்சித்திரனார் இதனை ஏற்கமாட்டார். மலைகள் பல கடந்து பரிசில் நாடி வந்த அப்புலவரை அதியமான் நேரிற் காணாமலே பொருளை அனுப்பி, பெற்றுச் செல்க என்றான். காணாமல் தந்த பொருளை வாங்கிப் போக நான் வணிகன் அல்லன், என் தகுதி அறிந்து தந்தால் தினையளவே ஆயினும் இனிது என்று அவர் பாடியது புறநானூற்றில் 208ஆம் பாட்டாக இருக்கிறது. அதியமான் கஞ்சன் அல்லன். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று புகழ்பெற்றவன். கொடுத்த பொருளில் குறையிருந்ததாகப் புலவரும் சொல்லவில்லை. பார்க்காமல் கொடுத்தான் என்பதொன்றே வழக்கு. மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் செயலைக் கொடைமடம் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்கிறோம். பேகன் அந்த மயிலையாவது நேரில் கண்டான்.

இதே அறத்தை நம் காலத்தில் வேறொரு வடிவில் காண விரும்புவோர் ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் (2011) உள்ள 'சோற்றுக் கணக்கு' கதையைப் படிக்கலாம். திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த ஏழை மாணவனுக்குக் கெத்தேல் சாகிப் இலை நிறையச் சோறும் மீனும் இடுகிறார். அவர் கணக்குப் பார்ப்பதில்லை. இலைக்கு முன் இருப்பவனின் பசியைப் பார்க்கிறார்.

நடுவராகச் சென்றிருந்த ஒரு கல்லூரியில் பார்வைத்திறன் இல்லாத மாணவர் ஒருவர் பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றார். தமிழ்த் துறைகளில் இத்தகைய மாணவர்கள் கணிசமாகப் பயில்வதை இப்பக்கத்தின் வாசகர்கள் அறிவர். அவர் கையில் வைக்கப்பட்டது நானூறு பக்கம் கொண்ட கெட்டி அட்டைப் புத்தகம். அரங்கம் நீண்ட நேரம் கைதட்டிற்று. கீழே இறங்கியதும் அவர் புத்தகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "புதுப் புத்தகம்தான் ஐயா" என்று சிரித்தார். அவரை முன்பே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பிறகு விசாரித்தோம். காதில் நன்றாகப் பொருந்தும் ஒலிப்பான் ஒன்று என்றார். 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் ஒருங்குறிப் பாடங்களைக் கைப்பேசியிலுள்ள திரைவாசிப்பி அவருக்குப் படித்துக் காட்டுகிறது. படமாக வருடப்பட்ட நூல்களில் அது ஊமையாகிவிடுகிறது. பேருந்து இரைச்சலில் சங்கப் பாடல் கேட்க நல்ல ஒலிப்பான் வேண்டும். அந்தக் கெட்டி அட்டைப் புத்தகத்தின் விலைக்கே அது கிடைத்திருக்கும்.

வழி கடினமானதன்று. நம் மன்றப் போட்டிகளுக்குச் சில ஆண்டுகளாகப் பொதி கட்டுவதை நிறுத்திவிட்டோம். மேடையில் உறையொன்றில் 300 ரூபாய்ச் சீட்டு. மறுவாரம் வென்றவர்களை உள்ளூர்ப் புத்தகக் கடைக்கு அழைத்துச் செல்வோம். விழாக்காலம் பொருந்தி வந்தால் புத்தகக் காட்சிக்கு. 1977இல் சென்னையிலும் 2005இல் ஈரோட்டிலும் தொடங்கிய காட்சிகளின் வழியில் இன்று பல மாவட்டங்களில் புத்தகத் திருவிழா நடக்கிறது. பத்து விழுக்காடு கழிவும் உண்டு. கடை ஒரே பட்டியலாகத் தருவதால் தணிக்கையாளருக்கும் மனக்குறை இல்லை.

அந்தக் கடைக்குள் நாம் கண்டவைதாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டின. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டவர் உண்டு. ஒரு மணிநேரம் எதையும் தொடாமல் நின்றவர் உண்டு; பாடநூல் தவிர வேறு புத்தகத்தைத் தாமாகத் தேர்ந்தெடுத்து வாங்கும் முதல் தருணம் அவருக்கு அதுவே. 'அசுரன்' (2019) படத்தைப் பார்த்திருந்த விளையாட்டு வீரர் ஒருவர் பூமணியின் 'வெக்கை'யை எடுத்தார். 1982இல் வந்த நாவல் இத்தனை மெலிதாக இருப்பது அவருக்கு வியப்பு. விடுதிப் பெட்டிக்குள் அடங்கும் என்பது அவர் சொன்ன கூடுதல் காரணம். தோழியர் இருவர் சீட்டுகளைச் சேர்த்துக் கைக்காசும் போட்டுக் க்ரியாவின் 'தற்காலத் தமிழ் அகராதி'யை வாங்கினர். யார் வீட்டில் அது இருக்க வேண்டும் என்ற வழக்கு மூன்றாண்டும் நீடித்தது. பலர் அரசுத் தேர்வுக்கான பொது அறிவு நூலை எடுக்கின்றனர். ஒரு மாணவி ரமணிசந்திரனின் நாவல்கள் இரண்டை எடுத்து, ஒன்று அம்மாவுக்கு என்றார்.

இவ்விடத்தில்தான் உடன் பணியாற்றுவோர் சிலர் முகம் சுளித்தனர். தமிழ் மன்றப் பணத்தில் தேர்வு வழிகாட்டியும் குடும்ப நாவலுமா என்பது அவர்கள் கேள்வி. நூலகத்துக்கு வாங்குவதாயின் அக்கேள்வி நியாயம். பரிசோ வென்றவரின் உடைமை. வென்றவரின் சுவையைத் திருத்துவதற்கு ஆண்டு முழுதும் வகுப்பறை நம் கையில் இருக்கிறது. அங்கே செய்ய முடியாததைத் தாள் சுற்றிய பொதி செய்துவிடும் என்று நம்புவது மிகை.

பணமாகவே கொடுத்துவிடலாமே என்போர் உண்டு. 2022இல் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியபின், அரசுப் பள்ளியிலிருந்து வந்த மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரத் தொடங்கியது. அதில் புத்தகம் வாங்கினீர்களா என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். பேருந்து, கைப்பேசிக் கட்டணம், தம்பியின் பள்ளிச் செலவு, அம்மாவின் மருந்து என்றே பதில் வந்தது. அவற்றுள் ஒன்றையும் வீண் என்று எவர் சொல்வார்? அந்த வீடுகளில் கதைப் புத்தகத்துக்கு நூறு ரூபாய் எடுப்பது தம்பியின் பங்கில் கை வைப்பது. புத்தகத்துக்கு மட்டுமே செல்லும் சீட்டு அவரை அந்தக் கணக்கிலிருந்து விடுவிக்கிறது. மனக்குறுகுறுப்பின்றித் தமக்கென ஒரு நூலை எடுக்க மூன்றாண்டுப் படிப்பில் அவருக்கு வாய்க்கும் பணம் அது ஒன்றுதான். அதையும் நாமே செலவழித்து, நமக்குப் பிடித்ததை அவர் கையில் திணிப்பதையே தவறு என்கிறோம்.

அறக்கட்டளை விதி குறிப்பிட்ட நூலையே வழங்கச் சொல்லும் இடங்களில் வேறு வழியில்லை. அங்கேயும் அவரிடம் முன்பே அந்நூல் இருக்கிறதா என்று கேட்கலாம். கல்லூரி செல்லும் மருமகளுக்கோ பேரனுக்கோ நூல் வாங்கும் உறவினர்க்கும் இதுவே பொருந்தும். முதல் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

முத்திரை குறித்தும் ஒரு வேண்டுகோள். பரிசு நூலின் முகப்புப் பக்கத்தில் ஊதா மையில் வட்ட முத்திரை குத்தும் பழக்கம் கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. "எப்போது திருப்பித் தர வேண்டும் ஐயா?" என்று முதலாண்டு மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். முத்திரையை விட்டுவிட்டு, மாணவரின் பெயரையும் அவர் பேச்சில் நடுவரைக் கவர்ந்த கருத்தையும் கையால் எழுதித் தேதியிடலாம். மை உலர்ந்த பின் மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டாது.