பதினொன்றரை மணி கோபம்

எந்த ஆபீஸை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை பதினொன்றரைக்கு மேல் ஒரு மணிக்குள் ஒரு சண்டை கட்டாயம் உண்டு. 'என் ஸ்டேப்ளரை யார் எடுத்தது?' என்று ஆரம்பித்து, போன வருஷத்து இன்க்ரிமென்ட்டில் போய் நிற்கும். இரண்டு மணிக்குப் பார்த்தால் அதே இரண்டு பேரும் டீக்கடை வாசலில் 'ஒன் பை டூ' அடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் சமாதானம் செய்து வைத்தது யூனியனும் இல்லை, மேனேஜரும் இல்லை. தயிர் சாதம்!

என் பக்கத்து சீட் நண்பர் இந்தக் கோபத்தின் ஆஸ்தான வித்வான். வயது 28. கல்யாணம் ஆகவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் வாசம். காலையில் எழுந்ததும் ஒரு காபி, தூக்கலாகச் சர்க்கரை போட்டு. டிபனா? 'அதுக்கெல்லாம் ஏது சார் டைம்?' பத்தரைக்கு ஒரு டீ, நாலு க்ரீம் பிஸ்கட். பதினொன்றரைக்குக் கச்சேரி ஆரம்பம். கை நடுங்கும், நெற்றி வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் யாராவது 'குட்மார்னிங்' சொன்னால்கூட, 'என்ன குட்டைக் கண்டீங்க?' என்பார்.

'முதல்ல இதை காதல்னு நினைச்சேன் சார். அப்புறம் பார்த்தா ஆள் யாருமே இல்லை' என்றார் ஒரு நாள். செல்போனில் தேடி, தனக்கு 'லோ ஷுகர்' என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். வைத்தியமும் அவரே. ஒரு பாட்டில் கூல்டிரிங்க். குடித்த பத்தாவது நிமிஷம் மனிதர் புத்தர். ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி துர்வாசர்.

ஏன் இப்படி ஆகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஸ்கூலில் கணக்கென்றால் ஓடியவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

நம் உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர் ரத்தம். சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 5 கிராம். அதாவது ஒரு டீஸ்பூன். அவ்வளவுதான்! இத்தனை பெரிய உடம்பு ஒரு ஸ்பூன் சர்க்கரையை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு 300 மில்லி கூல்டிரிங்க் பாட்டிலிலோ சுமார் 30 கிராம், அதாவது ஆறு ஸ்பூன். அதை ஒரே மூச்சில் உள்ளே தள்ளினால் கணையம் என்ன நினைக்கும்? 'ஆடிட் வந்துடுச்சு' என்று நினைக்கும். ஆடிட் என்றதும் மேஜையில் இருக்கிற பைலையெல்லாம் அள்ளி பீரோவில் அடைக்கிற குமாஸ்தா மாதிரி, இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைக் கல்லீரலுக்கும் தசைக்கும் அனுப்பும். சில பேருக்கு இந்தக் குமாஸ்தா கொஞ்சம் அதிக விசுவாசி. வேண்டிய பைலையும் சேர்த்து அடைத்துவிடுவார். சாப்பிட்ட இரண்டிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் சர்க்கரை இறங்கிவிடும்.

இறங்கினால் முதலில் அலறுவது மூளைதான். உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் அது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் சுமார் இருபது பங்கு சக்தியைத் தின்கிற பண்ணையார். சேமிப்பு என்று பெரிதாக எதுவும் வைத்துக்கொள்ளாது. மாசக் கடைசி பேச்சிலர் மாதிரி அன்றாடம் காய்ச்சி. அதற்குச் சப்ளை குறைகிறது என்றதும் உடம்பு அட்ரினலினை அவிழ்த்து விடுகிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, எரிச்சல் எல்லாம் அந்த அட்ரினலின் கைங்கரியம். பாவம், ஸ்டேப்ளர்.

* * *

நண்பரை இழுத்துக்கொண்டு எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவே இல்லை.

'தம்பி, லோ ஷுகர்னு சொல்றதுக்கு மூணு சாட்சி வேணும்' என்றார். 'ஒண்ணு, இந்த நடுக்கம், வியர்வை இருக்கணும். ரெண்டு, அதே நேரத்துல ரத்தத்துல சர்க்கரை நிஜமாவே குறைஞ்சிருக்கணும். மூணு, சர்க்கரை ஏறினதும் சரியாகணும். அமெரிக்காவிலே விப்பிள்னு ஒரு சர்ஜன் 1930-கள்லயே சொல்லிட்டுப் போயிட்டார். உங்ககிட்ட ஒண்ணும் மூணும் இருக்கு. ரெண்டாவது சாட்சி எங்கே?'

மறுநாள் பதினொன்றரைக்கு, கை நடுங்கும்போதே, விரலில் குத்திப் பார்த்தார்கள். 82. சர்க்கரை வியாதி இல்லாதவருக்கு 55-க்குக் கீழே போனால்தான் நிஜமான 'லோ'. நண்பருக்கு முகம் விழுந்துவிட்டது. பரீட்சையில் பாஸானதற்கு அழுத ஒரே ஆள் அவர்தான்.

'அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா டாக்டர்? நடுங்கறது பொய்யா?'

'நடுங்கறது நிஜம். காரணம்தான் வேற. வெறும் வயித்துல காபி, டீ. காபின் ஒண்ணே போதும், கை நடுங்க, நெஞ்சு அடிக்க. அதோட ராத்திரி சாப்பிட்டு பதினாலு மணி நேரமாச்சு. முதல்ல சாப்பாட்டை ஒழுங்கு பண்ணுங்க.'

இந்த வழக்குக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. இன்சுலினைக் கண்டுபிடித்தது 1921-ல், கனடாவில் டொரோன்டோ நகரில். அதை அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்டவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் வந்தது. இன்சுலின் ஊசியையே பார்க்காத சிலருக்கும் அதே தொந்தரவு வருகிறது என்று 1924-ல் எழுதினார் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டாக்டர் சீல் ஹாரிஸ். அதன்பின் அமெரிக்காவில் இது ஒரு ஃபேஷனாகி, சோம்பல், தலைவலி, மாமியார் சண்டை எல்லாவற்றுக்கும் 'லோ ஷுகர்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் 1973-ல் அங்கே உள்ள பெரிய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து, 'இவ்வளவு பேருக்கு இது கிடையாது, கொஞ்சம் அடங்குங்கள்' என்கிற பாணியில் அறிக்கை விட வேண்டி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், நிஜமான 'லோ'வோ, நம் நண்பர் மாதிரி 82-ல் நடுங்கும் கேஸோ, சாப்பாட்டுத் திட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிஜமான 'லோ' என்றால் காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். குறிப்பாக, சாப்பிடாமல் இருக்கும்போது, விடியற்காலையில் மயக்கம் வருகிறதென்றால் வடையும் சுண்டலும் போதாது. டாக்டரிடம் ஓட வேண்டும். வயிற்றில் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் அப்படியே.

* * *

டாக்டர் எழுதிக் கொடுத்த திட்டம் மருந்துச் சீட்டு மாதிரி இல்லாமல், படிக்கக்கூடிய கையெழுத்தில் இருந்தது. அதுவே ஒரு அதிசயம். சாராம்சம் இதுதான்:

ஒன்று: மூன்று, நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப் போடாதே. கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து வேளை.

இரண்டு: சர்க்கரையைத் தனியாக ஊர்வலம் விடாதே. மாவுச்சத்து போகிற இடமெல்லாம் பருப்போ, முட்டையோ, மோரோ காவலுக்குக் கூடப் போகவேண்டும். புரதமும் நாரும் கொழுப்பும் சேர்ந்தால் ஜீரணம் நிதானமாகும். சர்க்கரை லிப்டில் ஏறாமல் மாடிப்படியில் ஏறும். குமாஸ்தா பதற மாட்டார்.

மூன்று: கூல்டிரிங்க், க்ரீம் பிஸ்கட், ஜிலேபி இவையெல்லாம் வெறும் வயிற்றில் கூடவே கூடாது. ஆசைப்பட்டால் சாப்பாட்டுக்குப் பின்னால், ஒரு துண்டு.

நான்கு: வெள்ளிக்கிழமை சாயந்திரக் கோஷ்டிகளுக்கு. வெறும் வயிற்றில் மது கூடாது. கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை அது தடுத்துவிடும். ராத்திரி பட்டினியோடு படுத்தால் ஆபத்து.

இதை மேன்ஷன் பாஷையில் மொழிபெயர்ப்பது என் பொறுப்பாயிற்று. காலையில் மூணு இட்லி, ஆனால் சாம்பாரைத் தொட்டுக்கொள்வதல்ல, குளிப்பாட்டுவது. (ஓட்டல் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.) கூட ஒரு அவித்த முட்டை. சைவமென்றால் ஒரு கிண்ணம் சுண்டல். காபி டிபனுக்குப் பிறகு. பதினொரு மணிக்கு மேஜை டிராயரில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, ஒரு டம்ளர் மோர். மதியம் மெஸ்ஸில் சாதத்தைப் பாதியாக்கி, கூட்டையும் பொரியலையும் இரண்டாம் தடவை கேட்க வேண்டும். கேட்கத் தைரியம் வேண்டும், உண்மைதான். நாலரைக்கு பஜ்ஜிக்குப் பதில் பொட்டுக்கடலையோ, ஒரு கொய்யாவோ. ராத்திரி அடை, அல்லது பயத்தம்பருப்பு தோசை, அல்லது சப்பாத்தியும் பருப்பும்.

செலவு? வேர்க்கடலை, மோர் இரண்டும் சேர்ந்தாலும் பாட்டில் பானத்தின் விலையைத் தாண்டாது. மூன்று வாரம் ஆயிற்று. நண்பரின் பதினொன்றரைக் கச்சேரி ரத்து. ஒரே ஒரு சங்கடம். டிராயரில் கடலை இருப்பது ஆபீஸ் பூராவும் தெரிந்துவிட்டது. பதினொரு மணிக்கு அவர் சீட்டில் நடப்பது போர்டு மீட்டிங்கை விடப் பெரிய மீட்டிங்.

* * *

இதுவரை தமாஷ். இனி தமாஷ் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு பஸ் ஸ்டாப். ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும், வேட்டி சட்டை, கையில் மஞ்சள் பை. மனிதர் தள்ளாடிக்கொண்டிருந்தார். பேச்சு குழறியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. 'காலங்கார்த்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்யா' என்றது கூட்டம். இரண்டு பேர் செல்போனில் படமெடுக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் பூ விற்கிற அம்மாதான் எழுந்து வந்து, முகத்துக்கு நேரே குனிந்து, 'வாடையே இல்லையேப்பா' என்றார். பையில் பார்த்தால் மாத்திரை அட்டை. சர்க்கரை மாத்திரை. 'எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆவும்' என்று சொல்லிக்கொண்டே டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கி, அவர் கையிலேயே டம்ளரைக் கொடுத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்ட முதல் கேள்வி: 'நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாம்மா?'

அன்று சனிக்கிழமை விரதம். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் மாதிரி மாத்திரைகள், இன்சுலின் ஊசி, இவையெல்லாம் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று விசாரிக்காது. தன் வேலையைச் செய்துவிடும். இவர்களுக்கு 70-க்குக் கீழே இறங்கினாலே அபாயச் சங்கு.

அதனால் இந்த நாலு வரியை வெட்டி வீட்டு பிரிட்ஜில் ஒட்டுங்கள்.

நினைவோடு இருந்தால், விழுங்க முடிந்தால், உடனே 15 கிராம் சர்க்கரை. அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து. 15 நிமிஷம் பொறுத்துச் சோதியுங்கள். 70-க்கு மேல் ஏறாவிட்டால் மறுபடி 15 கிராம். சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.

வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது. அதை உடைப்பதைத் தடுப்பதே அந்த மருந்தின் உத்தியோகம். குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.

தெளிந்ததும் வழக்கமான சாப்பாடு உடனே. மாத்திரையின் வேகம் இன்னும் மிச்சமிருந்தால் சர்க்கரை மறுபடி இறங்கலாம். ஆகவே அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. ரத்த அழுத்தத்துக்கு 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு வியர்த்தால், 'புழுக்கமா இருக்காப்பா?' என்று கேட்டுவிட்டு டி.வி. பக்கம் திரும்பாதீர்கள். விரலில் குத்திப் பாருங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு ஊரில் அப்பாவோ, அம்மாவோ சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது 'சாப்டீங்களா?' என்று சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்போம். இந்த வாரம் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். 'மாத்திரை எப்ப போட்டீங்க? அதுக்கப்புறம் என்ன சாப்டீங்க? விரதத்தன்னிக்கு மாத்திரையை என்ன பண்றதுன்னு டாக்டரைக் கேட்டீங்களா?' என்று கேளுங்கள். அப்படியே சட்டைப் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும், 'எனக்குச் சர்க்கரை வியாதி' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எல்லா பஸ் ஸ்டாப்பிலும் பூக்கார அம்மா இருப்பார் என்று சொல்ல முடியாது.