சுவரும் சித்திரமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுத் திண்ணைக்கு நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் அவர் கட்டிங் மாஸ்டர். வாரத்தில் ஆறு நாள் அங்கே. ஏழாம் நாள் கணியூரில் மனைவி மக்களுடன். அவருடைய மூத்த பிள்ளை என்னிடம் படிக்கிறான். பையனுடைய படிப்பைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவர் கேட்டதோ வேறு.

"ஏனுங்க சார், டி.வி.யில வச்சு விளையாடற பெட்டி வேணும்னு பையன் அடம் புடிக்கிறானுங்க. என்ற ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல வருதுங்க. கொஞ்ச நாள் பொறுத்தா இதைக் காட்டிலும் பிரமாதமாப் படம் தெரியற பெட்டி வருமாமுங்களே? பொறுக்கறதா, வாங்கறதா?"

கன்சோல் என்று பெயர் பெற்ற அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு அப்போது அதிகம் தெரியாது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். விசாரித்து அறிந்ததை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் எழுந்திருக்கக் கூடும் அல்லவா?

கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, திரை முழுவதும் நுண்ணிய புள்ளிகளை நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம் கொடுத்துத்தான் படம் உண்டாகிறது. 1977-ல் அமெரிக்காவில் வெளிவந்த அடாரிப் பெட்டியின் படத்தில் சுமார் 30,000 புள்ளிகள். 2020-ல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்கு ஏற்ற திரையிலோ 82,94,400 புள்ளிகள். விநாடிக்கு 60 படங்கள் வீதம் காட்டுவதானால், ஒவ்வொரு விநாடியிலும் ஏறக்குறைய 50 கோடிப் புள்ளிகளுக்கு வர்ணம் நிச்சயிக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒளிக்கதிர் எங்கே புறப்பட்டு, எதன்மேல் பட்டு, எப்படித் தெறிக்கிறது என்பதையும் கணக்கிட்டு, தண்ணீரின் பளபளப்பையும் நிழலின் மென்மையையும் காட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு கணக்கையும் முழுமையாகப் போடுவதற்கு யந்திரத்துக்கே மூச்சு வாங்குகிறது. ஆகவே நிபுணர்கள் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். படத்தைச் சிறியதாகக் கணக்கிட்டுக்கொண்டு, மீதிப் புள்ளிகளைச் செயற்கை அறிவைக் கொண்டு ஊகித்து நிரப்புவதே அந்த யுக்தி. 2024-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலும், 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-லும் இந்த வித்தை இருக்கிறது. இனி வரும் பெட்டிகளும் இந்த வழியிலேயே செல்லும் என்று தோன்றுகிறது.

சரி, புள்ளிகள் பெருகப் பெருக அழகும் பெருகுமா? ஓர் எல்லை வரையில் பெருகும். அதற்கு அப்பால் மனிதக் கண் சும்மா இருந்துவிடும். நடுத்தர அளவுள்ள டெலிவிஷனைக் கூடத்தின் மறு கோடியிலிருந்து பார்ப்பவருக்கு, 20 லட்சம் புள்ளிகளுக்கும் 83 லட்சம் புள்ளிகளுக்கும் உள்ள வேற்றுமை புலப்படுவது கஷ்டம். 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ஐ விட அடுத்த பெட்டி ஐந்து மடங்குக்கு மேல் வேகமாகக் கணக்கிடக் கூடியது. ஆனால் ஐந்து மடங்கு அழகைக் கண்டதாக யாரும் சொல்லக் காணோம். விலையின் போக்கும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பெட்டி பழையதாக ஆக விலை இறங்கும். அமெரிக்காவில் 2020-ல் 499 டாலருக்கு விற்ற அதே பெட்டிக்கு 2025 ஆகஸ்டில் 549 டாலர் வைத்தார்கள். இந்தியாவில் 2021-ல் அது 49,990 ரூபாய்க்கு வந்து இறங்கியது.

ஜனங்களும் படத்தின் கூர்மையை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. 2006-ல் பிளேஸ்டேஷன் 3-ம், நின்டெண்டோவின் வீ என்ற பெட்டியும் போட்டியிட்டன. வீயின் படம் மட்டமானது. ஆனால் பாட்டியும் பேரனும் கையை வீசி ஒன்றாக விளையாடலாம். வீ 10 கோடிக்கு மேல் விற்றது. கூர்மையான படம் காட்டிய மற்றது 9 கோடியை எட்டவில்லை.

சுவர் இல்லாமல் சித்திரம் எழுத முடியாது என்று நம் பெரியோர் சொன்னார்கள். மெய்தான். ஆனால் சுவருக்கு எத்தனை முறை சுண்ணாம்பு பூசினாலும் அதில் சித்திரம் தானாகத் தோன்றிவிடாது. பெட்டி என்பது சுவர். அதில் எழுதும் சித்திரம் எங்கே?

இந்த இடத்தில் தமிழர்கள் சந்தோஷப்படத் தக்க செய்தி ஒன்று உண்டு. 2023-ல் கனடாவின் டொரொண்டோ நகரிலுள்ள விசை என்னும் சிறு நிறுவனத்தார் ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'வெண்பா'. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. மனைவி வெண்பா, கணவன் பாவலன், பிள்ளை கவின். அதில் துப்பாக்கியும் இல்லை, கார்ப் பந்தயமும் இல்லை. தாயின் சமையற் குறிப்புப் புத்தகம் கறைபட்டுச் சில இடங்களில் அழிந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் செல்லும் என்பதை ஆடுபவர் தாமே யோசித்தறிய வேண்டும். மகன் தமிழை விட்டு விலகி வளர்கிறான். தாயின் மனம் சமையலறையிலேயே பேசுகிறது. சித்திரங்கள் யாவும் சாதாரணக் கோட்டுச் சித்திரங்களே. ஒளிக்கதிரின் கணக்கெல்லாம் அதில் இல்லை. எனினும் 2024-ல் பிரிட்டனின் பாப்டா சங்கத்தார் சிறந்த முதல் படைப்புக்கான பரிசை அதற்கே வழங்கினார்கள். 2020-ல் புனேயிலிருந்து வெளிவந்த 'ராஜி' என்ற விளையாட்டும், ராஜஸ்தானத்து மாளிகைகளையும் பஹாரி ஓவியத்தின் வர்ணங்களையும் நிழற் பொம்மையாட்டத்தையும் கொண்டு அமைந்ததே.

நம்மவரிடம் கைத்திறனுக்குக் குறைவில்லை. 1997-ல் பெங்களூரில் தொடங்கிய துருவா நிறுவனத்தார் வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் கார்கள் முதலிய சித்திரங்களை வருஷக்கணக்காக எழுதிக் கொடுத்தார்கள். 2019-ல் அந்த நிறுவனத்தையே அமெரிக்காவின் ராக்ஸ்டார் வாங்கிவிட்டது. திருப்பூர்ப் பனியன் அயலார் பெயரைக் கழுத்தில் ஒட்டிக்கொண்டு கப்பலேறுகிறதல்லவா, அதே கதைதான். உழைப்பு நம்முடையது, பெயர் பிறருடையது. கூலி கிடைக்கிறது, அதை நான் இகழவில்லை. ஆனால் நம் ஊர்த் தேர்த் திருவிழாவும், அமராவதிக் கரையும், தறிச் சத்தமும் எந்தத் திரையில் எப்போது வரும்? நாம் எழுதினாலன்றி வேறு யார் எழுதுவார்கள்?

இந்த ஞாயிறு நண்பர் மறுபடியும் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் யோசித்தார்.

"நூல் நம்பர் உசத்தியா இருந்தா மட்டும் பனியன் ஆயிடாதுங்க சார். வெட்டுத் தெரியோணுமுங்க" என்றார்.

நான் ஒரு வாரம் படித்து அறிந்ததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பெட்டியை இப்போது வாங்க வேண்டாம் என்று முடிவாயிற்று. 'வெண்பா' சாதாரணக் கணினியிலும் ஆடக் கூடியது. முதலில் அதைத் தந்தையும் மகனுமாக ஆடிப் பார்ப்பதாக ஏற்பாடு. பிளெண்டர் என்ற சித்திர மென்பொருள் 2002 முதல் எல்லோருக்கும் இலவசம். விளையாட்டை அமைக்கும் கோடோ என்பதும் இலவசமே. அவற்றைப் பையனும் நானும் சனிக்கிழமைதோறும் சேர்ந்து கற்பதாக ஒப்புக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எவ்வளவு ஏறும் என்பது வேறு விஷயம்.

பையனுக்கு முதலில் முகம் வாடத்தான் செய்தது. "சார், நம்ம ஊரையே அதுல வரைய முடியுங்களா?" என்று கேட்டபோது வாட்டம் பாதி குறைந்திருந்தது. முடியும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு இப்போது என்னைச் சேர்ந்தது.