நீங்கள் டெஸ் பக்கமா?

கல்யாணத்துக்கு முன் நடந்ததைக் கணவரிடம் சொல்ல வேண்டுமா? இந்தக் கேள்வியால் இங்கிலாந்தில் விருந்துக்கு வந்தவர்களையே இரண்டாகப் பிரித்த நாவல் ஒன்று உண்டு. தாமஸ் ஹார்டியின் 'டெஸ்', வெளிவந்த வருடம் 1891.

ஏழைப் பெண் டெஸ், வேலைக்குப் போன வீட்டு இளைஞனால் சீரழிக்கப்பட்டவள். பிறகு ஏஞ்சல் அவளை விரும்புகிறான். நடந்ததையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே எழுதி, அவன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். கடிதம் தரைவிரிப்புக்குள் சிக்கிக்கொள்கிறது. முதலிரவில் ஏஞ்சல், லண்டனில் ஒரு பெண்ணுடன் இரண்டு நாள் இருந்ததைச் சொல்கிறான். டெஸ் உடனே மன்னிக்கிறாள். தன் கதையை அவள் சொன்னதும், அவன் விலகிப் போகிறான்.

"நீங்கள் டெஸ் பக்கமா?" என்று விருந்தினரைக் கேட்டு, பதிலைப் பார்த்து அவர்களைப் பிரித்து வைப்பதாக ஒரு சீமாட்டி ஹார்டியிடமே சொன்னாராம். ஏஞ்சல் செய்தது சரியா என்பது அவருடைய கேள்வியில் இல்லை!

ஹார்டிக்குக் கடிதங்களும் வந்தன. ஏஞ்சலின் நிலையில் இருந்த கணவர்கள் சிலர். டெஸ் மாதிரி கடந்த காலம் இருந்தும் கணவரிடம் சொல்லாத மனைவிகளோ மிகப் பலர். அவரால் யோசனை சொல்ல முடியவில்லை. பெயர்களை வெளியே விடாமல் கடிதங்களை அழித்துவிட்டார்.

முகம் தெரியாத எழுத்தாளரிடம் சொல்ல முடிந்ததை, கூடவே வாழ்கிறவரிடம் ஏன் சொல்ல முடியவில்லை? இதற்குப் பதில் யோசிக்க வேண்டியவர்கள் மனைவிகள் அல்ல; கணவர்கள்தான்.