பில்லில் பிழை இருந்தால் வரிக்கழிவு போச்சா?

போன வாரம் ஒரு அண்ணனோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது பழைய கதை ஒன்று மறுபடி கிளம்பியது. கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவர். ரெண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், நாலு ஆள். 2024 ஜனவரியில் அவருக்கு ஒரு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. 2018-19 கணக்கில் ரெண்டு பில்லுக்கு எடுத்த வரிக்கழிவு செல்லாது, வட்டியோடு திருப்பிக் கட்டு என்று.

வரிக்கழிவு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ரெண்டே வரி. ஒரு லட்சத்துக்கு இரும்பு வாங்கினால் 18% வரி, 18,000 ரூபாயை விற்பவரிடம் கொடுத்துவிடுகிறோம். அந்த இரும்பைக் கடைந்து ஒன்றரை லட்சத்துக்கு விற்றால் வாங்குபவரிடம் 27,000 வரி வசூலிக்கிறோம். அரசுக்குக் கட்டுவது வித்தியாசம் 9,000 மட்டும். முதல் 18,000 இரும்புக்கடைக்காரர் மூலமாக ஏற்கனவே போய்விட்டது அல்லவா? அதைக் கழிக்கக் கூடாது என்று சொன்னால் ஒரே இரும்புக்கு ரெண்டு தடவை வரி. ஜிஎஸ்டி வந்ததே இதை ஒழிக்கத்தான் என்று 2017-ல் ஊரெல்லாம் சொன்னார்கள்.

சரி, அண்ணன் கதைக்கு வருவோம். முதல் பில் 2,30,000 ரூபாய்க்கு, வரி 41,400. அதில் என்ன குற்றம்? பட்டறையின் பழைய முகவரி இருந்தது. ஹெச்எஸ்என் எண் இல்லை. விற்றவர் கையெழுத்துப் போட மறந்துவிட்டார். அவ்வளவுதான்.

"தம்பி, கட்டிடலாம்னு இருக்கேன். இவங்ககூட யாரு மல்லுக்கட்டறது?" என்றார்.

"அவசரப்படாதீங்ணா, சட்டத்துலயே இதுக்கு வழி இருக்குதுங்" என்றேன்.

இருக்கிறது. ஜிஎஸ்டி விதி 36, உட்பிரிவு 2. பில்லில் இருக்க வேண்டிய விவரங்கள் எல்லாம் இருந்தால்தான் கழிவு என்று அது ஆரம்பிக்கும். ஆனால் 2018 செப்டம்பரில் அதற்கு ஒரு வால் சேர்த்தார்கள். வரித்தொகை, என்ன பொருள் அல்லது சேவை, மொத்த மதிப்பு, விற்பவர் வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண், வெளிமாநில வியாபாரம் என்றால் எந்த மாநிலத்துக்கு என்பது. இவை மட்டும் இருந்தால் போதும், மற்றது விட்டுப்போனாலும் கழிவு எடுக்கலாம். கையெழுத்து அந்தப் பட்டியலில் இல்லை. முகவரி இல்லை. ஹெச்எஸ்என்னும் இல்லை.

இது ஒன்றும் புதுச் சலுகை இல்லை. மத்திய கலால் வரி காலத்தில் 2004-ம் வருட சென்வாட் விதிகளிலேயே இதே மாதிரி ஒரு வழி இருந்தது. அதற்கும் முன்னால், 1991-ல் மங்களூர் கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தின் உயிரான நிபந்தனை வேறு, வெறும் நடைமுறை நிபந்தனை வேறு, ரெண்டையும் ஒரே தராசில் வைக்காதே என்று பிரித்துக் காட்டியது. ஆக, சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நோட்டீஸ் அனுப்புகிறவர்களுக்குத்தான் அடிக்கடி மறந்துபோகிறது.

விதியைக் குறிப்பிட்டு, எடைமேடை சீட்டு, லாரி ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வைத்துப் பதில் கொடுத்தார். முதல் பில் தப்பித்தது.

ரெண்டாவது பில்தான் வயிற்றெரிச்சல். 1,60,000 ரூபாய் சரக்கு, வரி 28,800. பில்லில் ஒரு குறையும் இல்லை. விற்றவர் கணக்குத் தாக்கல் செய்தபோது அதைப் பதிவு பெற்ற வியாபாரிக்கு விற்றதாகக் காட்டாமல், சில்லறை விற்பனையோடு மொத்தமாகச் சேர்த்துவிட்டார். வரியைக் கட்டிவிட்டார். அரசுக்குப் பணம் போய்விட்டது. ஆனால் அண்ணனின் ஜிஎஸ்டிஆர்-2ஏ பட்டியலில் அந்த பில் தெரியவில்லை.

இதற்கும் வழி இருந்தது. 2022 டிசம்பர் 27-ல் வந்த 183-ம் எண் சுற்றறிக்கை 2017-18, 2018-19 வருடங்களுக்கு இந்தத் தவறைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு சப்ளையரிடம் வாங்கியதில் ஒரு வருடத்து வித்தியாசம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் சி.ஏ. அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று, அதற்குக் கீழே என்றால் சப்ளையரிடமே சான்று வாங்கிக் கொடு என்கிறது. சப்ளையர் எங்கே? 2020 கொரோனாவில் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போனவர்தான். போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. பெரிய தொகைக்கு ஆடிட்டர் கையெழுத்து, சின்னத் தொகைக்குக் காணாமல் போனவர் கையெழுத்து. நல்ல நியாயம் :-)

முப்பது நாளுக்குள் கட்டினால் அபராதம் இல்லை என்பதால் அண்ணன் கட்டிவிட்டார். 18% வட்டி, அஞ்சரை வருஷம். வட்டியே கிட்டத்தட்ட வரி அளவுக்கு வந்து, மொத்தம் ஐம்பத்தேழாயிரத்துச் சொச்சம். கிளைமாக்ஸ் இனிமேல்தான். அதே 2024-ல் 128ஏ என்று புதுப் பிரிவு வந்தது. 2017-18 முதல் 2019-20 வரையிலான இந்த மாதிரி நோட்டீஸ்களுக்கு 2025 மார்ச் 31-க்குள் வரியை மட்டும் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. ஏற்கனவே வட்டி கட்டியவர்களுக்கு? திருப்பித் தர மாட்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்டுச் சீக்கிரம் கட்டியவன் கேனையன்!

"போலி பில் போட்டு ஊரை ஏமாற்றுகிறார்களே, கெடுபிடி வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கண்டிப்பாக வேண்டும். சரக்கே நகராமல் வெறும் பில் விற்கிற கூட்டம் இருக்கிறது. 2023-ல் ஈகாம் கில் காபி வழக்கில் உச்ச நீதிமன்றம், பில்லும் செக்கும் காட்டினால் மட்டும் போதாது, வண்டி எண், வாடகை, சரக்கு வந்துசேர்ந்த அத்தாட்சி என்று காட்டி வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. எனக்கு இதில் சண்டை இல்லை. ஏனென்றால் அது சரக்கு வந்ததா என்று கேட்கிறது, கையெழுத்து இருக்கிறதா என்று கேட்கவில்லை.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். போலி பில் போடுகிறவன் பில்லில் ஒரு புள்ளிகூடத் தப்பாக இருக்காது. அவன் தொழிலே பில்தானே! பிழை வருவதெல்லாம் மாசக் கடைசியில் அவசரமாக பில் புக்கைக் கிழிக்கிற நிஜ வியாபாரியிடம்தான். பில்லின் அழகைப் பார்த்துத் திருடனைப் பிடிக்கப் போனால் மாட்டுவது அண்ணன் மாதிரி ஆட்கள்தான்.

விற்றவர் வரியே கட்டாத வழக்கில்கூட, 2021-ல் நம்ம மதுரைக் கிளை (டி.ஒய்.பீத்தேல் வழக்கு, ரப்பர் ஷீட் வியாபாரம்) விற்றவரை ஏன் விசாரிக்கவில்லை, அவரிடம் ஏன் வசூலிக்கவில்லை என்று துறையைத்தான் கேட்டது. அண்ணன் விஷயத்தில் விற்றவர் வரி கட்டியே விட்டார். அவர் தாக்கல் செய்த கணக்கு துறையின் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதை அவர்களே பார்க்காமல், பட்டறைக்காரனைச் சான்றுக்கு அலைய விடுவது என்ன நியாயம்?

என் கட்சி சிம்பிள். சரக்கு வந்ததா? வரி அரசுக்குப் போனதா? ரெண்டுக்கும் ஆமாம் என்றால் கழிவு உண்டு. மற்ற பிழைக்கெல்லாம் திருத்தச் சொல்லுங்கள், வேண்டுமானால் சின்னதாக ஒரு தொகை அபராதம் போடுங்கள். முழு வரியையும் இன்னொரு தடவை வாங்குவது அபராதம் இல்லை, பறிப்பு.

அதுவரை நாம் செய்யக்கூடியது. 2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் தாக்கல் செய்த பில்லுக்கு மட்டும்தான் கழிவு என்று சட்டமே மாறிவிட்டது. அதனால் மாசாமாசம் 2பி பட்டியலைப் பாருங்கள். பில் வரவில்லையா, அன்றைக்கே சப்ளையருக்குப் போன் போடுங்கள். வருடம் முடிந்து நவம்பர் 30 தாண்டினால் பெரும்பாலும் கதை முடிந்தது. லாரி ரசீது, எடைமேடை சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் பயந்துபோய்க் கட்டாதீர்கள், முதலில் 36(2)-ஐப் படியுங்கள்.

டீக்கு அண்ணன்தான் காசு கொடுத்தார். "இதுக்கு பில்லு வேண்டாம் தம்பி" என்றார் :-)

டிஸ்கி: நான் ஆடிட்டர் இல்லை. பெரிய தொகை என்றால் அவரைப் பாருங்கள். உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எப்படிப் பதில் கொடுத்தீர்கள் என்பது அடுத்தவருக்கு உதவும்.