அங்கிக்கு அடிமையா?

பெரியவர் சொல்லைத் தட்டாதே என்று நமக்குப் பால்குடி நாள் முதல் புகட்டி வருகின்றார்கள். இந்தப் புகட்டல் மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, அமெரிக்காவில் 1961-ம் வருஷம் ஸ்டான்லி மில்கிராம் என்னும் மனோதத்துவ ஆசிரியர் தொடங்கிய சோதனையை விடவா வேறு ருசு வேண்டும்?

யேல் சர்வகலாசாலையில் சாதாரண ஆண்கள் 40 பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, அடுத்த அறையிலிருப்பவன் பாடத்தில் தப்பும்தோறும் மின்சார விசையை 15 வோல்ட்டிலிருந்து படிப்படியாய் 450 வரை ஏற்றச் சொன்னார்கள். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அதை அவர்களுக்குச் சொல்லவுமில்லை. 300 வோல்ட்டில் அவன் சுவரை இடித்தான். சற்றைக்கெல்லாம் அதுவும் நின்றது. அப்படியிருந்தும், பக்கத்திலிருந்த அங்கிக்காரர் மேலே நடத்தும்படி சொல்லச் சொல்ல, 26 பேர் கடைசி விசை வரை போனார்கள்! அவர் கையில் தடியுண்டா, துப்பாக்கியுண்டா? வெறும் அங்கிதானே!

அவர்கள் கொடியவர்களல்லர். பலர் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். இரக்கம் இருந்தென்ன பிரயோஜனம்? "முடியாது" என்று சொல்லிப் பழக்கமில்லையே!

அது வெள்ளைக்காரன் கதை என்று நம்மவர்கள் நழுவ வேண்டாம். குருக்கள் சொன்னார், பஞ்சாயத்தார் சொன்னார் என்று கூடப் பிறந்தவளின் வாழ்வையே கெடுத்தவனைக் கேளுங்கள். தனக்கும் மனது வரவில்லை என்றுதான் அழுவான்.

மற்றொரு சோதனையில், கூட இருவரை உட்கார வைத்து, அவர்கள் நடுவில் மறுத்து விலகும்படி ஏற்பாடு செய்தார்கள். அப்போது 40 பேரில் 4 பேரே கடைசி வரை போனார்கள். அங்கியும் அதுவே, உத்தரவும் அதுவே. அடுத்த பஞ்சாயத்தில் முதலில் எழுந்திருப்பது யார் என்று கேட்கின்றோம்.