பட்டியலில் யார் பெயர்?

சென்ற மாதம் எங்கள் சொசைட்டி கூட்டத்தில் ஒரு தீர்மானத்துக்குக் கையெழுத்திட்டேன். பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் மட்டும் காவலாளியிடம் புகைப்படமும் கைரேகையும் தர வேண்டும் என்பது தீர்மானம். திருட்டு எதுவும் நடக்கவில்லை; முன்னெச்சரிக்கையாம்.

அந்த ஞாயிறன்று பேரன் 'எக்ஸ்-மென்' படம் போட்டான். 2000-இல் வந்த ஆங்கிலப் படம். பிறவியிலேயே அதிசய ஆற்றல் பெற்றவர்களைக் கண்டு ஊரே அஞ்சி ஒதுக்குகிறது. அவர்கள் அனைவரும் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு செனட்டர் வாதாடுகிறார். சுவரை ஊடுருவிச் செல்லும் பெண் வங்கிப் பெட்டகத்தில் புகுந்தால் யார் தடுப்பது என்பது அவர் கேள்வி.

"சரியாகத்தானே கேட்கிறார்?" என்றேன்.

"அவ எதையும் திருடலையே தாத்தா!" என்றான் பேரன்.

எனக்குச் சுருக்கென்றது.

1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் சித்திரக்கதையாகத் தொடங்கியது இது. 1965-இல் வந்த கதையில், இந்த அதிசயப் பிறவிகளை அடக்க ஒருவர் 'சென்டினல்' என்ற இயந்திர மனிதர்களைப் படைக்கிறார். அவை படைத்தவரையே சிறைபிடிக்கின்றன!

கற்பனைதானே என்று தள்ளிவிட முடியவில்லை. ஆங்கில அரசு 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. குற்றம் செய்தவரை அல்ல, பிறந்த குலத்தையே பதிவு செய்தது அது. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். அவர்களிடம் அதிசய ஆற்றல் எதுவும் இல்லை, மானம் இருந்தது. நாடு முழுவதும் அச்சட்டம் ஒழிய 1952 ஆயிற்று.

மும்பைத் தமிழர்களாகிய நாமும் பட்டியலில் இருந்தவர்கள்தாம். 1960-களில் 'மார்மிக்' வார இதழ், இங்குள்ள நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டது. நாம் செய்த குற்றம், தெற்கே பிறந்தது! அதை அறிந்த நானா அந்தத் தீர்மானத்துக்குக் கையெழுத்திட்டேன்?

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலில் பதிவேடு வைப்போம். உள்ளே வரும் எல்லோரும் பெயர் எழுதட்டும். முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும். இருக்கும் இடத்தை வைத்து ஒரு சாராரை மட்டும் சந்தேகிக்கும் பட்டியலுக்கு என் கையெழுத்து இல்லை. அடுத்த கூட்டத்தில் அதைத் திரும்பப் பெறப் போகிறேன்.

உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒரு தாள் வரலாம். பேனாவை எடுக்குமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.